அலை எங்கே பிறக்கிறது? குட்டி டைபோலைச் சுற்றியிருக்கும் மின்புலம்

ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலை கிளம்புகிறது என்று சொல்கிறோம். சரி, சரியாக எந்த இடத்தில் கிளம்புகிறது? கம்பியின் மேற்பரப்பிலா? கம்பியின் நடுவிலா? கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் 1888-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். கடைசியில் அவர் கணக்குப் போட்டுக் கண்ட பதில் விசித்திரமானது. மின்புலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பக்கவாட்டில் போகும் அலை ஆன்டெனாவில் பிறப்பது போலவே தெரியாது. கொஞ்சம் தள்ளி, வெறும் காற்றில் பிறக்கிற மாதிரி இருக்கும். அங்கிருந்து ஒரு பாதி வெளியே போகும், இன்னொரு பாதி ஆன்டெனாவை நோக்கி உள்ளே வரும்!

எலக்ட்ரானிக்ஸ் படித்த பலர் இந்தச் சூத்திரத்தை பதினாறு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணி எழுதியிருப்போம். மூன்று உறுப்புகள், பக்கத்துப் புலம், தூரப் புலம், அவ்வளவுதான். அந்தச் சூத்திரத்துக்குள் இப்படி ஒரு கதை இருப்பதை யாரும் வகுப்பில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் அசையாத டைபோல். ஒரு நேர் மின்னூட்டம், அதே அளவு எதிர் மின்னூட்டம், நடுவில் சின்ன இடைவெளி. தமிழ்ப் பாடநூல்களில் மின் இருமுனை. தனி மின்னூட்டத்தின் புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இங்கே இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிடுகின்றன, மிச்சம் கொஞ்சம்தான். அதனால் புலம் தூரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு. டைபோலின் அச்சு நீளும் திசையில் இருப்பதைவிட, அதே தூரத்தில் பக்கவாட்டில் பாதிதான் இருக்கும். இதுவரை சிக்கல் எதுவும் இல்லை.

இப்போது இந்த மின்னூட்டங்களை மேலும் கீழும் ஆட விடுவோம். மேலே நேர், கீழே எதிர். அரைச் சுற்று கழித்து மேலே எதிர், கீழே நேர். ஆடும்போது நடுவில் கம்பியில் மின்னோட்டம் போய்வருகிறது. இதுதான் மிக எளிய ஆன்டெனா. 'குட்டி' டைபோல் என்பதில் குட்டி என்பது அலைநீளத்தோடு ஒப்பிட்டுத்தான். கம்பி எத்தனை மீட்டர் என்பது கணக்கில்லை, அலைநீளத்தில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. அரை கிலோமீட்டர் உயரமுள்ள குட்டி ஆன்டெனா ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

டைபோல் ஆடுகிறது என்ற செய்தி வெளியே போக நேரம் ஆகும். ஒளியின் வேகம், நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். தூரத்தில் நிற்கிற நமக்கு டைபோலின் இந்த நொடி நிலவரம் தெரியாது, கொஞ்சம் பழைய நிலவரம்தான் தெரியும். அந்தப் பழைய நிலவரத்திலிருந்து பக்கவாட்டில் நாம் உணரும் மின்புலம் மூன்று துண்டுகளின் கூட்டு.

முதல் துண்டு: அப்போது டைபோல் எவ்வளவு வலுவாக இருந்தது. இது தூரத்தின் கனத்தால் குறையும், அசையாத டைபோலின் அதே விதி. இரண்டாவது துண்டு: அப்போது அது எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. இது தூரத்தின் வர்க்கத்தால் குறையும். மூன்றாவது துண்டு: அந்த மாறும் வேகமே எவ்வளவு வேகமாக மாறியது, அதாவது முடுக்கம். இது வெறும் தூரத்தால் மட்டும் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் பாதி, அவ்வளவே.

இந்த மூன்றையும் தனித்தனிப் புலங்களாக நினைத்துவிடக் கூடாது. பாடப்புத்தகங்கள் நிலைமின் புலம், தூண்டல் புலம், கதிர்வீச்சுப் புலம் என்று மூன்று பெயர் வைத்துவிடுவதால் ஏதோ மூன்று தனித்தனிப் பொருட்கள் போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. இருப்பது ஒரே புலம்தான். முதல் துண்டும் இரண்டாவது துண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ஆன்லைனில் கார் ரேஸ் விளையாடியிருப்பீர்கள். எதிராளியின் கார் எங்கே இருக்கிறது என்ற தகவல் நமக்கு, சும்மா ஒரு பேச்சுக்கு, 100 மில்லிநொடி தாமதமாக வருகிறது. வந்த இடத்திலேயே காரை வரைந்தால் அது எப்போதும் பின்தங்கியே தெரியும். அதனால் கேம் எழுதுகிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். பழைய இடம், அதோடு பழைய வேகத்தைத் தாமதத்தால் பெருக்கிக் கூட்டு. கார் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்ற ஊகம் கிடைத்துவிடும். கப்பல்காரர்களிடமிருந்து வந்த பெயர், டெட் ரெக்கனிங். பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருக்கும். எதிராளி திடீரென்று பிரேக் போட்டால் மட்டும், அந்தச் செய்தி வந்து சேரும் வரை நம் திரையில் கார் தப்பான இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு ஒரு குதி குதித்துச் சரியாகும்.

இயற்கையும் இதையேதான் செய்கிறது. தாமதமாக வந்த டைபோல் வலு, அதோடு தாமதமாக வந்த மாறும் வேகத்தைத் தாமதத்தால் பெருக்கிக் கூட்டு. முதல் இரண்டு துண்டுகளின் கூட்டு அப்படியே இதுதான், எழுத்துக்கு எழுத்து. அதனால் டைபோலுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு, புலம் தாமதமே இல்லாமல் டைபோலோடு ஒட்டி ஆடுவதாகத் தோன்றும். செய்தி ஒளி வேகத்தில்தான் வருகிறது, ஆனால் வரும்போதே தாமதத்துக்கான திருத்தத்தோடு வருகிறது. மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து கிடைப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

அப்படியானால் டைபோலைத் திடீரென்று நிறுத்தினால்? கேமில் நடந்ததுதான். தூரத்தில் உள்ள புலம் ஒன்றும் நடக்காதது போல் தொடரும். செய்தி வந்து சேரும் கணத்தில் பழைய ஊகத்துக்கும் புதிய நிலவரத்துக்கும் இடையே ஒரு முறிவு விழும். அந்த முறிவு விழும் இடத்தில் ஓங்கி நிற்பது மூன்றாவது துண்டு, முடுக்கத்தின் துண்டு. நாம் ரேடியோ அலை என்று சொல்வது இந்த முறிவைத்தான்.

சரி, எந்த இடம் வரை பக்கம், எங்கிருந்து தூரம்? அலைநீளத்தை 6.28-ஆல் வகுத்தால் வரும் தூரம்தான் எல்லைக்கல். அந்த இடத்தில் செய்தியின் தாமதம் ஒரு சுற்றில் சரியாக ஒரு ரேடியன். ஹெரால்ட் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1959-ல் இந்த எல்லையை ரேடியன் கோளம் என்றே அழைத்தார். நாம் இங்கே அந்தத் தூரத்தை 'ஒரு அலகு' என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு அலகு தூரத்தில் மூன்று துண்டுகளும் 100 : 10 : 1 என்ற விகிதத்தில் இருக்கும். பத்து அலகு தூரத்தில் அப்படியே தலைகீழ், 1 : 10 : 100.

சரியாக ஒரு அலகு தூரத்தில் மூன்றும் சம அளவு. அதனால் புலம் மூன்று மடங்காகிவிடுமா என்றால், இல்லை. சைன் அலையை இரண்டு முறை வகையீடு செய்தால் அதே சைன், குறி மட்டும் மாறி வரும். ஆகவே முதல் துண்டும் மூன்றாவது துண்டும் எப்போதும் எதிரெதிர். ஒரு அலகு தூரத்தில் அவை இரண்டும் ஒன்றையொன்று முழுசாக அடித்துவிட, நடுத் துண்டு மட்டும் தனியாக நிற்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, 1.41 அலகு தூரத்தில், மொத்தப் புலம் மூன்றாவது துண்டு மட்டும் தனியாக இருந்தால் வரக்கூடியதைவிட 13 சதவீதம் குறைவாக இருக்கிறது. பக்கத்தில் போகப் போக எல்லாம் சேர்ந்து கூடிக்கொண்டே போகும் என்ற பொதுவான நினைப்பு இந்த இடத்தில் பொய்த்துவிடுகிறது.

இந்த 1.41 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வர்க்கமூலம்.

இப்போது கார்ல்ஸ்ரூ. 1880-களில் ஐரோப்பாவில் மின்காந்தத்துக்கு ஒரு கொள்கை அல்ல, பல கொள்கைகள் இருந்தன. வெபர் வழியில் வந்தவர்களுக்கு மின்விசை என்பது தொலைவிலிருந்து நேரடியாகச் செயல்படுவது. மேக்ஸ்வெலுக்கு அது நடுவில் உள்ள வெளியின் வழியாக, ஒளி வேகத்தில் பரவுவது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இரண்டையும் உள்ளடக்கிய ஒரு பொதுச் சட்டகம் வைத்திருந்தார். ஹெர்ட்ஸ் அவருடைய மாணவர். எது சரி என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், சோதிக்க வேண்டுமானால் வேகத்தை அளக்க வேண்டும்.

ஹெர்ட்ஸின் கருவி ஒரு டைபோல்தான். இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றை இணைக்கும் செம்புக் கம்பி, கம்பியின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. தூண்டு சுருள் அந்த இடைவெளியில் தீப்பொறியைப் பாய்ச்சும்போது மின்னூட்டம் தகடுகளுக்கிடையே அலையாடும். எதிரே சின்ன இடைவெளியுள்ள ஒரு கம்பி வளையம். அதில் மெல்லிய பொறி தெரிந்தால் அங்கே புலம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள துத்தநாகத் தகடு, அலையைத் திருப்பியனுப்ப. அவருக்குக் கிடைத்த அரை அலைநீளம் 4.8 மீட்டர், அதாவது முழு அலைநீளம் 9.6 மீட்டர். கூடத்தின் நீளமே சுமார் 15 மீட்டர்தான்.

மேலே சொன்ன கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். ஒரு அலகு என்பது ஒன்றரை மீட்டர். ஆக ஹெர்ட்ஸ் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த இடத்தில் பாதி, பக்கமும் இல்லாத தூரமும் இல்லாத கலவை மண்டலம். மூன்று துண்டுகளும் கலந்து குழம்பியிருக்கும் இடம். அந்த மனிதருக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்லை, சூத்திரத்தையே அவர்தான் பிறகு கண்டுபிடிக்கப் போகிறார்.

அளந்தபோது குழப்பமாகத்தான் வந்தது. காற்றில் போகும் விசை கம்பியில் போகும் அலையைவிட வேகமாகப் போவது போல் இருந்தது. நிலைமின் விசை ஒரு வேகத்திலும் தூண்டல் விசை வேறொரு வேகத்திலும் பரவுகின்றன என்றுகூட அவர் முதலில் நினைத்தார். இது உண்மை என்றால் மேக்ஸ்வெல் கொள்கைக்கு ஆபத்து. அதில் ஒரே வேகம்தான் உண்டு.

ஹெர்ட்ஸ் பிறகு செய்ததுதான் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். பொறியைப் பார்த்ததற்காக அவரைக் கொண்டாடுகிறோம், நியாயம்தான். ஆனால் 1889-ல் வெளியான கட்டுரையில் அவர் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை ஒரு குட்டி டைபோலுக்கு முழுமையாகத் தீர்த்தார். ஒரு சுற்றின் வெவ்வேறு கணங்களில் மின்புலக் கோடுகள் எப்படி இருக்கும் என்று படமும் போட்டார். இன்றைக்கும் எல்லா ஆன்டெனா புத்தகத்திலும் வருகிற, சிறுநீரக வடிவத்தில் வளையங்கள் பிரிந்து போகும் அந்தப் படத்துக்கு மூலம் இதுதான்.

அந்தப் படம் சொல்வது இது. டைபோலின் வலு ஏறும்போது கோடுகள் மேல் மின்னூட்டத்தில் தொடங்கிக் கீழ் மின்னூட்டத்தில் முடிந்து, வெளியே பருத்துக்கொண்டு போகின்றன. வலு இறங்கும்போது மின்னூட்டங்கள் ஒன்றையொன்று நோக்கி வந்து அழிகின்றன. கோடுகளின் முனைகளும் அவற்றோடு உள்ளே வர வேண்டும். பக்கத்தில் உள்ள கோடுகள் சுருங்கி உள்ளே போய்விடுகின்றன. ஆனால் வெளியே பருத்த பகுதிக்குச் செய்தி தாமதமாகத்தான் போகும். அது இன்னும் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் கோட்டின் இடுப்பு ஒடுங்கி, ஒட்டி, அறுந்து, வெளிப்பகுதி தன்னைத்தானே மூடிய வளையமாகிறது. அதற்கு இனி டைபோலில் உள்ள எந்த மின்னூட்டத்தோடும் உறவு இல்லை. அடுத்த அரைச் சுற்றில் எதிர்த் திசையில் முளைக்கும் கோடுகள் அதற்குப் பின்னாலேயே வருகின்றன.

இதே கணக்கிலிருந்துதான் ஆரம்பத்தில் சொன்ன விசித்திரமும் வருகிறது. பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு தூரத்திலும் மின்புலம் எப்போது உச்சத்தைத் தொடுகிறது என்று குறித்துக்கொண்டே போனால், 1.41 அலகு தூரத்தில் அது எல்லா இடத்துக்கும் முன்னதாகத் தொடுகிறது. டைபோலுக்கே முன்னதாக! சுமார் எட்டில் ஒரு சுற்று முந்திவிடுகிறது. அந்த இடத்துக்கு வெளியே உச்சம் வெளிநோக்கி நகர்கிறது, உள்ளே இருக்கும் பகுதியில் உச்சம் டைபோலை நோக்கி நகர்கிறது. இரண்டும் அங்கிருந்து கிளம்பும்போது தோற்ற வேகம் முடிவிலி. 2 அலகு தூரத்தில் ஒளியைப் போல் 1.6 மடங்கு, 3 அலகில் 1.16 மடங்கு, 10 அலகில் 1.01 மடங்கு. ஹெர்ட்ஸின் கூடத்தில் இந்த 1.41 அலகு என்பது டைபோலிலிருந்து சுமார் 2.2 மீட்டர். கருவிக்கு அருகில் விசை அளவுக்கு மீறிய வேகத்தில் போவது போல் ஏன் தெரிந்தது என்பதற்கு மேக்ஸ்வெல் கொள்கைக்குள்ளேயே பதில் கிடைத்துவிட்டது. கம்பியிலும் காற்றிலும் வேகம் வேறுபட்ட பிரச்சினை மட்டும் மிச்சம் இருந்தது. அதை 1893-ல் ஜெனீவாவில் சரசனும் த லா ரிவும் பெரிய கூடத்தில், பெரிய தகட்டை வைத்து அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டி முடித்துவைத்தார்கள். ஹெர்ட்ஸ் அடுத்த வருடம், 1894 ஜனவரி 1 அன்று, 36 வயதில் இறந்துபோனார்.

ஒளியை மிஞ்சிய வேகமா என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். இங்கே நகர்வது உச்சத்தின் தோற்றம்தான், செய்தி அல்ல. டெட் ரெக்கனிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். டைபோல் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருப்பதால் ஊகம் எப்போதும் பலிக்கிறது, மூன்றாவது துண்டு அதைக் கொஞ்சம் கூடுதலாகவே முன்னே தள்ளிவிடுகிறது. தாளத்தை மாற்றினால் அந்த மாற்றம் ஒளி வேகத்தில்தான் வந்து சேரும். காந்தப்புலத்தில் இந்த வேடிக்கை பாதிதான்: அதன் உச்சம் டைபோலிலிருந்தே கிளம்பி, எப்போதும் வெளிநோக்கியே போகும். கிட்டத்தில் அதுவும் ஒளியைவிட வேகமாகத் தெரியும், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாதவர்கள் பைதானில் இருபது வரி எழுதினால் போதும், மூன்று உறுப்பையும் கலப்பெண்ணாகக் கூட்டி, கோணத்தைத் தூரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். 1.41-ல் மேடு தெளிவாகத் தெரியும்.

அலை எங்கே பிறக்கிறது என்பதற்கு ஹெர்ட்ஸ் சொன்ன பதில், டைபோலில் நடப்பதால் மட்டும் அலை உருவாகிவிடுவதில்லை, சுற்றியுள்ள வெளி முழுவதன் நிலையிலிருந்தும் அது எழுகிறது என்பது. ஆற்றல் கம்பியில் இல்லை, வெளியில்தான் இருக்கிறது என்ற மேக்ஸ்வெல் பார்வைக்கு இதைவிடக் கண்கூடான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

ஆற்றல் கணக்கு தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் ஆற்றல் ஒரே திசையில் போகும். தூரத்தில் அப்படித்தான். பக்கத்தில் இரண்டுக்கும் கால் சுற்று இடைவெளி, ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது ஏறக்குறைய பூஜ்யம். அதனால் ஆற்றல் வெளியே போய், திரும்ப வந்து, மறுபடி வெளியே போய் ஊஞ்சலாடுகிறது. அந்த ஊஞ்சலில் கொஞ்சம்தான் ஒவ்வொரு சுற்றிலும் தப்பிப் போகிறது. டைபோலின் அச்சுத் திசையில் மூன்றாவது துண்டே கிடையாது, ஆகவே அங்கே அலையும் கிடையாது.

எவ்வளவு தப்பிப் போகிறது என்பதுதான் ஆன்டெனா பொறியாளரின் தலைவலி. கதிர்வீச்சு மின்தடை என்று ஒன்றைச் சொல்வார்கள். கம்பி முழுக்க ஒரே அளவு மின்னோட்டம் ஓடினால், அலைநீளத்தில் ஐம்பதில் ஒரு பங்கு நீளமுள்ள டைபோலுக்கு அது வெறும் 0.32 ஓம். நீளத்தைப் பாதியாக்கினால் இதுவும் கால் பங்காகும். கம்பியின் சொந்தத் தடையும் மண்ணின் தடையும் இதைவிட அதிகமாக இருந்துவிட்டால் கொடுக்கிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும்.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்தில் இருக்கும் கோபுரங்கள் 471 மீட்டர் உயரம். ஈஃபில் கோபுரம்கூட 330 மீட்டர்தான். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 18 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இயங்குகிறது. இவ்வளவு குறைந்த அதிர்வெண் என்றால்தான் உப்புத் தண்ணீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அலைநீளம் 16.5 கிலோமீட்டர். அப்படியானால் 471 மீட்டர் என்பது அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இதுதான் முன்னால் சொன்ன குட்டி ஆன்டெனா. தரை ஒரு கண்ணாடி போல் மறுபாதியைக் காட்டுவதால் இதையும் செங்குத்து டைபோலாகவே கணக்கிடலாம். ஒரு அலகு 2.6 கிலோமீட்டர். 1.41 அலகு என்பது 3.7 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்து ஊர்களில் பல இன்னும் அந்தப் பக்கத்துப் புலத்துக்குள்தான் இருக்கின்றன. மின்புலத்தின் உச்சம் ஒவ்வொரு சுற்றிலும் கோபுரத்திலிருந்து 3.7 கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு வெட்டவெளியில் முதலில் எழுந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் நகர்கிறது. நொடிக்கு பதினெட்டாயிரம் தடவை.

மறுகோடியில் நம் பையில் இருக்கும் அட்டை. மெட்ரோ வாயிலில் தட்டும் அட்டைகள் வேலை செய்யும் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலகு 3.5 மீட்டர். நாம் தட்டுவதோ 4 சென்டிமீட்டரில். அங்கே கம்பிச் சுருள் என்பதால் மின்புலமும் காந்தப்புலமும் இடம் மாறிக்கொள்ளும், மற்றபடி கணக்கு ஒன்றே: முதல் துண்டு மூன்றாவது துண்டைப் போல் 7,000 மடங்குக்கு மேல். அட்டை உயிர் பெறுவது ரேடியோ அலையால் இல்லை, ஊஞ்சலாடும் அந்தப் பக்கத்துப் புலத்திலிருந்து ஒரு வாய் குடித்துத்தான். காதில் வைத்திருக்கும் போனுக்கு, 900 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு அலகு 5.3 சென்டிமீட்டர். காது அதற்கு உள்ளேயும், டவர் வெகு வெளியேயும் இருக்கின்றன.